வெளியில் வாங்கிப் பூட்டும் குளிர்ச்சி: வேகக் கார்களுக்கு எவ்வளவு தேவை?

திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் அய்யலூரைக் கடக்கும் வண்டிகளில் பல, வண்டிக் கருப்பணசாமி கோயில் முன்னால் நின்று சூடம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பும். முன்பு அங்கே நின்றவை பெரும்பாலும் லாரிகளும் அம்பாசடர்களும். இன்று அவற்றோடு சின்ன டர்போ பெட்ரோல் கார்களும் சேர்ந்துகொண்டன. ரீமேப் செய்து, கம்பெனி கொடுத்த குதிரைத்திறனுக்கு மேல் இன்னொரு 30, 40 ஏற்றிக்கொண்ட கார்களும் அவற்றில் உண்டு. அங்கிருந்து திண்டுக்கல் போய் 18 கொண்டை ஊசி வளைவுகளில் சிறுமலை ஏறலாம். வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறலாம். மே மாதச் சமவெளியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும்.

இந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி பூட்டிய ரேடியேட்டரும் இன்டர்கூலரும் போதுமா, அல்லது கடையில் விற்கும் பெரிய அலுமினிய ரேடியேட்டர், ஆயில் கூலர், குறைந்த சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட், கனமான இன்டர்கூலர் ஆகியவற்றுக்குப் பணம் செலவிடுவது தகுமா? கேள்விக்கு வயது நூறுக்கு மேல். பதில்களோ ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்க்கலாம்.

கேள்வி வந்த வழி

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி கார்களில், தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் நீங்கலாக, வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அந்த இயல்பான ஓட்டமே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஏற்றம் ஏறினால் அது போதாது என்று ஓட்டியவர்கள் கண்டார்கள். வெளியிலிருந்து பம்ப் வாங்கிப் பூட்டும் வியாபாரம் அப்போதே தொடங்கிவிட்டது. பின்னர் பம்ப் எல்லாக் கார்களுக்கும் வந்தது, தெர்மோஸ்டாட் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழுத்த மூடி பரவலானது. அந்த மூடி சிறு பொருள்தான், ஆனால் செய்தது பெரிய வேலை. வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் 129 டிகிரியை நெருங்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இரு இடங்களில் வளர்ந்தது. ஒன்று மலைச்சாலை. பானட்டைத் திறந்து வைத்து, நீர் ஆறும்வரை காத்திருந்து, கேனில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஏறிய தலைமுறை அது. இன்னொன்று பந்தயத் தடம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது; 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டி அந்த விளையாட்டை எளியவர் கைக்கு நகர்த்தினார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. மலைச்சாலையும் தடமும் வெவ்வேறு பதில்களைக் கொடுத்தன. குழப்பத்தின் பெரும்பகுதி, ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குப் பொருத்துவதால் வருவது என்றே தோன்றுகிறது.

கம்பெனி கொடுத்ததே போதும் என்போர்

இவர்களின் வாதம் எளிது. கார் கம்பெனிகள் பாலைவனச் சூட்டில், ஏசி முழுதும் போட்டு, பாரம் ஏற்றி, மேட்டில் ஏற்றிப் பார்த்துத்தான் ரேடியேட்டரின் அளவை முடிவு செய்கின்றன. வாங்குபவர் அந்த எல்லையைத் தொடுவதே அரிது.

இதற்கு வலுச் சேர்க்கும் கணக்கு ஒன்று உண்டு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளிருக்கும் கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 70. காற்று 40 டிகிரியானால் வேறுபாடு 55. அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்குத் திறனை இழந்துவிடுகிறது. ஆனால் கூலன்டை 110 டிகிரி வரை ஏற விட்டால் வேறுபாடு மறுபடி 70. அழுத்த மூடி சரியாக இருக்கும்வரை 110 டிகிரியில் கொதிப்பு வராது. ஆகவே கோடையில் கூலன்ட் சூடு சற்று ஏறுவது பழுதின் அறிகுறி ஆக வேண்டியதில்லை; அப்படி ஏறுவதற்கு இடம் விட்டே வடிவமைத்திருக்கிறார்கள். புதிய இன்ஜின்கள் பலவற்றில் மின்கட்டுப்பாட்டுத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது எரிபொருள் சிக்கனத்துக்காக 105 டிகிரியை ஒட்டி ஓட விடும். மிதித்தால் 90 டிகிரிப் பக்கம் இறக்கும். இன்ஜின் கணினியின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியில் முதல்முறை 105 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து ரேடியேட்டர் தேடுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. கம்பெனி சோதித்தது கம்பெனி கொடுத்த சக்திக்கு. 110 குதிரைத்திறனை 150 ஆக்கிய காருக்கு அந்தச் சோதனை சாட்சி சொல்லாது. புதிய காரின் சோதனை எட்டு வருடப் பழைய காருக்கும் சாட்சி சொல்லாது. மறுபக்கம், மாற்ற நினைப்பவர்களுக்கு வாரன்டிக் கவலையும் உண்டு. கம்பெனி வகுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கிச் சொன்ன பிறகு, பம்பரை அறுத்துப் பெரிய இன்டர்கூலர் பொருத்துவோர் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் செய்யலாமா என்பதற்குத்தான் பதில் சொல்லும். செய்தால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

மலையேற்றத்தின் கணக்கு

"காட் ரோடு ஏறும் காருக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும்" என்பது நம் பக்கத்தில் நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்க சுமார் 9 கிலோவாட், சக்கர உராய்வுக்கு 2. ஆக 11 கிலோவாட். அதே கார் அய்யலூர்ச் சமவெளியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகக் காற்றைக் கிழிக்க 8, உராய்வுக்கு நாலரை. ஆக 12 அல்லது 13 கிலோவாட். இன்ஜினுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே உழைப்பு. நான்குவழிச் சாலையில் சூடாகாத கார் மலையில் மட்டும் ஏன் சூடாகிறது?

காற்றுதான் காரணம். வேகத்தால் ரேடியேட்டர் முகத்தில் வந்து மோதும் காற்றின் அழுத்தம், வேகத்தின் இருமடிப்படி கூடும். 40 கிலோமீட்டரில் அது 100 கிலோமீட்டரில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டருக்கு இறங்கினால் இயல்பான காற்று ஏறக்குறைய இல்லை. முழுச் சுமையும் ஃபேன் தலையில். ஆகவே மலையில் சூடாகும் சாதாரணக் காரில் முதலில் பார்க்க வேண்டியவை ஃபேன் மோட்டார், அதன் ரிலே, ஃபேனைச் சுற்றிய ஷ்ரவுட். ஷ்ரவுட் உடைந்தால் ஃபேன் தனக்கு நேரெதிரே உள்ள வட்டத்தில் மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும்.

இன்னொரு நம்பிக்கை, உயரம் கூடக் கூட ஆபத்து கூடும் என்பது. கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் காற்று 40இலிருந்து 20 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் வெப்ப வேறுபாடு 55இலிருந்து 75க்கு உயர்கிறது. இழப்பைவிட ஆதாயம் பெரிது. கொடைக்கானல் மலைச்சாலை தொடங்கும் காட்ரோட்டிலிருந்து ஏறும் முதல் கிலோமீட்டர்கள்தான் கடினமான பகுதி: ஏற்றமும் உண்டு, சமவெளியின் வெயிலும் விடவில்லை. மேலே போனபின் அழுத்த மூடி பழுதானால் மட்டும் நிலைமை வேறு. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கசியும் மூடியோடு ஏறும் காருக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் உதவாது.

பந்தயத் தடம் சொல்லும் பதில்

தடத்தில் எல்லாம் மாறுகிறது. 120 குதிரைத்திறன் என்பது சுமார் 88 கிலோவாட். மேலே பார்த்த நெடுஞ்சாலைத் தேவையைப் போல ஏழு மடங்கு. முழு மிதியில் ஓடும்போது, சக்கரத்துக்குப் போகும் சக்தியில் பாதி முதல் அதற்குச் சமமான அளவு வரை வெப்பமாகக் கூலன்டில் இறங்கும். சாலையில் முழு மிதி என்பது ஓவர்டேக் செய்யும் பத்து விநாடி. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டரில் அது சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும். கூலன்டும் இன்ஜின் உலோகமும் சிறிது நேர வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் அந்த இடம் நிறைந்துவிடும். அதன்பின் ரேடியேட்டர் வெளியேற்றுவதுதான் கணக்கு.

எனவே பந்தயக்காரர்களின் நிலைப்பாடு, அதாவது பெரிய ரேடியேட்டர், ஆயில் கூலர், நல்ல காற்றுப்பாதை மூன்றும் வேண்டும் என்பது, அவர்கள் இடத்தில் சரியானது. அவர்கள் வாங்குவது கூடுதல் குதிரைத்திறனை அல்ல. முதல் சுற்றில் இருந்த குதிரைத்திறன் எட்டாம் சுற்றிலும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுக்கிறார்கள். பலவீனம் எங்கே என்றால், தடத்தில் பெற்ற பலனைக் கடைக்காரர் சாலைக்காருக்கு விற்கும்போது இந்த "எட்டாம் சுற்று" என்ற நிபந்தனையை விட்டுவிடுவதில்.

காற்றுக்கு வழி விடுதல்

1930களின் நடுவில் பிரிட்டிஷ் விமான ஆய்வாளர் மெரிடித், ரேடியேட்டரைச் சரியான குழாய்க்குள் அடைத்து வைத்தால் காற்று எதிர்ப்பு பெருமளவு குறையும் என்று காட்டினார். சிறிய வாயில் வழியாக நுழையும் காற்று, விரியும் குழாயில் வேகம் தணிந்து அழுத்தம் கூடி, ரேடியேட்டர் முழுவதும் பரவும். போர்க்கால மஸ்டாங் விமானம் அந்த வழியில் வந்தது. கார் உலகில் இதன் எளிய பாடம், காற்று ரேடியேட்டரின் வழியாகப் போக வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்பது.

ரேடியேட்டரின் உள்ளமைப்பான கோர் தடிமனாக இருந்தால் எப்போதும் நல்லது என்ற எண்ணத்துக்கும் இங்கே ஒரு தடை விழுகிறது. முதல் வரிசைக் குழாய்களைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது. இரண்டாம் வரிசைக்கு அது பாதி உதவிதான் செய்யும். தடிமன் கூடினால் காற்றின் ஓட்டமும் தடைபடும். வேகமாக ஓடும் தடத்தில் அந்தத் தடையை வெல்லலாம். ஊர்ந்து ஏறும் மலையில், சின்ன ஃபேனை நம்பிய காரில், தடித்த கோர் நிலைமையை மோசமாக்கவும் கூடும். செம்பா அலுமினியமா என்ற பழைய விவாதமும் இப்படித்தான். செம்பின் கடத்துதிறன் அலுமினியத்தைவிட வெகுவாக அதிகம். ஆனால் அலுமினியத்தில் அகலமான குழாய்களைக் கட்டிப் பிரேசிங் செய்ய முடிவதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. உலோகத்தைவிடக் கட்டுமானம் முக்கியம்.

சமவெளிக் கார் ஒன்றின் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் இந்த விவாதம் கண்ணுக்குத் தெரியும். ஏசி கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால், நடுவே ஒரு விரல் இடைவெளி. வெளியிலிருந்து பார்க்கக் கண்டென்சர் சுத்தமாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தால் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் உரிந்து வரும்: பூச்சி இறக்கை, வைக்கோல் தூசு, பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய செம்மண். ரேடியேட்டரின் கீழ்ப் பாதியில் ஃபின்கள் மடிந்து ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது அழுத்தம் கூடினால் மிச்சமுள்ள ஃபின்களும் மடியும். இந்தப் படலத்தை எடுக்காமல் புதுக் கோர் மாற்றி "வித்தியாசம் தெரிகிறது" என்பவர்கள், புதுக் கோரின் அளவால் வந்த பலனையும் சுத்தத்தால் வந்த பலனையும் பிரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

தெர்மோஸ்டாட்டும் ஆயிலும்

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது அம்பாசடர் காலத்துப் பழக்கம். நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் போதாது, எனவே கழற்றக் கூடாது என்ற எதிர்வாதமும் அதே அளவு பழையது. பழக்கமும் தவறு, எதிர்வாதம் சொல்லும் காரணமும் தவறு. ஓட்டம் கூடினால் வெப்ப மாற்றம் குறைவதில்லை. வால்வு ஏற்படுத்தும் தடை, இன்ஜின் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி நீர் ஆவியாகி விலகாமல் காக்கிறது. கழற்றுவதன் உண்மையான கேடு அங்கே. வழக்கத்தைவிடக் குறைந்த 71 டிகிரியில் திறக்கும் வால்வைப் போடுவதால் ரேடியேட்டரின் திறன் துளிகூட உயராது; தொடங்கும் புள்ளி மட்டும் இறங்கும். அதிலும் விலை உண்டு. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் எரிப்பில் உண்டாகும் ஈரமும் அமிலமும் சிலிண்டர் சுவரில் படிந்து தேய்மானம் கூடும் என்பதை 1930களிலேயே பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

ஆயில் கூலரின் கதையும் ஒத்ததே. ஆயிலுக்கு 90 முதல் 110 டிகிரி வரை ஏற்ற இடம். தடத்தில் அது 130ஐத் தாண்டும்போது கூலர் இன்ஜினைக் காப்பாற்றுகிறது. சாலையில், தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் ஆயிலைக் குளிர வைத்தே வைத்திருந்து கெடுக்கும். கசியக்கூடிய இணைப்புகளையும் அது கூட்டுகிறது. அழுத்தத்தில் ஓடும் ஆயில் ஹோஸ் ஒன்று கழன்றால் இன்ஜின் அத்தோடு முடிந்தது.

இன்டர்கூலர்: தனி வழக்கு

இதுவரை பார்த்தவை இன்ஜினைக் காக்கும் குளிர்ச்சி. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மட்டும் நேரடியாகச் சக்தியைத் தொடுகிறது, ஆகவே அதைத் தனியே எடைபோட வேண்டும். ரேடியேட்டர் போதாவிட்டால் டேஷ்போர்டின் சூட்டு முள் ஏறுகிறது. இன்டர்கூலர் போதாவிட்டால் முள் அசையாது, இன்ஜினின் கணினியான ஈசியூ அமைதியாக இக்னிஷனைத் தாமதப்படுத்திச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

வெளிக்காற்று 40 டிகிரி, டர்போ 1 பார் பூஸ்ட், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால், டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 138 டிகிரியை ஒட்டியிருக்கும். ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை நீக்கும் இன்டர்கூலர் அதை 69 டிகிரிக்கு இறக்கும். 85 சதவீதத்தை நீக்குவது 55 டிகிரிக்கு இறக்கும். காற்றின் அடர்த்தியில் இது சுமார் 4 சதவீதம். இக்னிஷன் தாமதம் தவிர்க்கப்படுவது அதற்கு மேல். இன்னொரு விதமாகப் பார்த்தால், வெளிக்காற்று 25 டிகிரியாக இருக்கும் ஊரில் சாதாரண இன்டர்கூலரே 53 டிகிரி கொடுக்கும். அதாவது வெளியில் வாங்கிய நல்ல இன்டர்கூலர், மே மாதத் திண்டுக்கல்லில் ஓடும் காருக்குப் பெங்களூரின் இதமான காலைப் பொழுதைத் திருப்பிக் கொடுக்கிறது. ரீமேப் செய்த காருக்கு இது உண்மையான ஆதாயம். ரீமேப் செய்யாத காரில், கம்பெனி வரம்பிட்ட பூஸ்டுக்குள், ஆதாயம் சிறியது. வெயிலில் இழந்ததை மீட்பது மட்டுமே.

மறுப்பும் உண்டு. பெரிய இன்டர்கூலரின் உள்ளளவு கூடுவதால் மிதித்ததும் வரும் உந்துதல் சற்றுத் தாமதமாகலாம். முன்னால் மாட்டினால் ரேடியேட்டருக்கு வரும் காற்றை அது மறைத்துச் சூடாக்கியே அனுப்பும்: ஒன்றைக் குளிர்விக்கப் போய் இன்னொன்றைச் சூடாக்குவது. ஃபோக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே, தனி நீர்ச்சுற்றோடு இருப்பதால் அங்கே மாற்றுவது இன்னும் சிக்கல்.

பட்டறையின் வாதம்

ரேடியேட்டர் வேலை செய்யும் பட்டறைக்காரர்களின் நிலைப்பாடு கட்டுரைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. அது வருந்தத் தக்கது. அவர்கள் சொல்வது: சூடாகி வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை பெரிய ரேடியேட்டர் அல்ல, பழையது பழையபடி வேலை செய்வது. நம் சமவெளியின் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். அதை ஊற்றிய ரேடியேட்டரில் படியும் உப்புப் படலத்தின் வெப்பக் கடத்தல் செம்பில் இருநூறில் ஒரு பங்குகூட இருக்காது. காகிதக் கனத்துப் படிவமே பெரிய ரேடியேட்டரைச் சின்னதாக்கிவிடும்.

கூலன்ட் விஷயத்தில் அவர்களோடு ஒரு சிறு வேறுபாடு எனக்குண்டு. பாதிக்குப் பாதி கிளைக்கால் என்பது பனிநாட்டு அளவு. அது கலந்த நீர் லிட்டருக்குக் கொள்ளும் வெப்பம் வெறும் நீரைவிடப் பத்து சதவீதத்துக்கும் சற்று மேல் குறைவு. உறைபனிக்கு அஞ்ச வேண்டாத சமவெளியில், கம்பெனிக் கையேடு இடம் கொடுத்தால், வாலை வடிநீரில் 30 சதவீதம் கலப்பது துருவையும் தடுக்கும், வெப்பத்தையும் நன்றாகச் சுமக்கும். செலவு அதிகமில்லை. பெரிய ரேடியேட்டர் தருவதில் ஒரு பகுதியை இது தந்துவிடக் கூடும்.

இன்னும் தீராதவை

மொத்தத்தில் ஆதாரங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. தொடர்ந்து முழு மிதியில் ஓடும் காருக்கு ரேடியேட்டர், ஆயில் கூலர் மேம்பாடு தேவை. ரீமேப் செய்த டர்போ காருக்கு நம் வெயிலில் இன்டர்கூலர் தகுதியான செலவு. மற்ற சாலைக் கார்களுக்குச் சுத்தம், மூடி, ஃபேன், ஷ்ரவுட், கூலன்ட் ஆகிய ஐந்தும் முதலில் வர வேண்டும். அவற்றைச் சரிசெய்த பிறகும் சூடானால்தான் பெரிய ரேடியேட்டர் பற்றிய பேச்சுக்கு இடம்.

திறந்திருக்கும் கேள்விகளில் முதலாவது அளவீடு பற்றியது. ஒரே கார், ஒரே மே மாதம், ஒரே காட்ரோடு ஏற்றம்; கழுவுவதற்கு முன், கழுவிய பின், கோர் மாற்றிய பின் என்று கூலன்ட் சூட்டையும் இன்டேக் காற்றின் சூட்டையும் ஓபிடியில் பதிவு செய்தால் பாதி விவாதம் அடங்கும். பல கார்களின் டேஷ்போர்டு முள் 75 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைந்திருப்பதால் அதை நம்பிச் சொல்லப்படும் அனுபவங்கள் எதையும் நிரூபிப்பதில்லை.

இரண்டாவது, எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், கிலோவுக்குக் கிலோ, பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு. நாக்கிங்கையும் அது தள்ளிப் போடும். நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் அந்தக் குளிர்ச்சியின் பெரும்பகுதி உள்ளேயே கிடைக்கும். அப்படியானால் இன்டர்கூலர் மாற்றித் தேடிய ஆதாயத்தில் ஒரு பகுதி எரிபொருளிலேயே வந்துவிடுகிறதா, அல்லது ரீமேப் செய்பவர்கள் அந்த இடத்தையும் கூடுதல் பூஸ்டால் நிரப்பி மறுபடி பழைய வெப்பத்துக்கே வந்து சேர்வார்களா என்பது, இந்தப் பெட்ரோலுக்கென்று ட்யூன் செய்த கார்கள் சில கோடைகளைக் கடந்த பிறகுதான் தெரியவரும்.